செல்ஃப் எடுக்காத ஸ்போர்ட்ஸ் கார்: ஆனைமலைத் தோப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

புரட்டாசி இரண்டாவது வாரம். காலையில் பட்டறையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆனைமலையிலிருந்து போன் வந்தது. "ஏனுங்ண்ணா, ஃபைபர் பாடி வண்டிக்கு எலக்ட்ரிகல் வேலை நீங்க பாப்பீங்கன்னு சொன்னாங்க. நம்ம வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்ண்ணா. மூணு மாசமா இதே பாடு. பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரைக் கழட்டி வேலை செஞ்சாச்சு, சாவி சுவிட்சும் புதுசு. இன்னும் என்னத்த மாத்தறதுன்னு தெரியலீங்க."

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கிணத்துக்கடவிலிருந்து கிளம்ப வைத்தது. மூன்று சாமான் மாற்றியும் நோய் அப்படியே இருக்கிறதென்றால், வண்டியை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். இப்படி அளக்காமல் மாற்றிய சாமான்களுக்காக ஜனங்கள் கொட்டிக் கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த ஒரு வண்டியில் நடந்ததை, மீட்டரில் பார்த்த எண்களோடு முழுதாக எழுதுகிறேன்.

வண்டியும் அதன் கதையும்

1990களின் கடைசியில் நம் நாட்டிலேயே தயாரான இரண்டு இருக்கை கார் அது. துணிக்கூரை, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இரும்புச் சேஸி (அடிச்சட்டம்), அதன் மேல் முழுக்க ஃபைபர் பாடி. பெயரைச் சொன்னால் இந்த வட்டாரத்தில் வண்டி யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லை. உரிமையாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தென்னை விவசாயி. பள்ளிக்கூட நாட்களில் அவருடைய மாமா செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கூட்டிப்போய்ப் பந்தயம் காட்டியிருக்கிறார். 2005இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதை விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த பசங்களில் இவரும் ஒருவர். அந்த ஆசைதான் பின்னாளில் இந்தப் பழைய வண்டியை வாங்க வைத்தது.

எனக்கும் அந்த மண்ணோடு ஒரு கணக்கு உண்டு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிற அந்த இரண்டு கிலோமீட்டர் சொச்சம் தடத்தில், நான் இளவயதில் ஒரு பந்தயக் குழுவுக்கு வயரிங் எடுபிடியாக நின்றிருக்கிறேன். பந்தய வண்டிக்கும் மேலே ஃபைபர், உள்ளே இரும்புச் சட்டம். வண்டி மக்கர் செய்தால் எங்கள் மேஸ்திரி முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எர்த் எங்கடா போவுது?" எர்த் என்றால் மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற வழி. சாதாரணக் காரில் பாடி முழுக்கத் தகரம். ஒரு இடத்தில் எர்த் விட்டாலும் மின்சாரம் வேறு நாலு இடத்தில் வழி கண்டுபிடித்துத் திரும்பிவிடும். ஃபைபரில் அந்தச் சலுகை கிடையாது. வயர் போட்ட வழி மட்டும்தான் வழி.

சரி, வண்டியின் கதைக்கு வருகிறேன். வைகாசியில் கிளட்ச் போய், ஒரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கிப் புது கிளட்ச் போட்டிருக்கிறார்கள். கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே சேஸிக்குத் துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்பு அண்டர்கோட்டும் அடித்துத் தந்திருக்கிறார்கள். ஆனியில் வண்டி நன்றாக ஓடியது. ஆடிச் சாரல் பிடித்ததும் தொல்லை ஆரம்பம். சில நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. சில நாள் இன்ஜின் முக்கி முனகி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். ஈரக்காற்று வீசுகிற நாட்களில் மோசம், நல்ல வெயிலடிக்கிற நாளில் கொஞ்சம் பரவாயில்லை. தோப்பில் தேங்காய் போடுகிற ஆட்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் மட்டும் பத்தடிக்குள் பிடித்துக்கொள்ளும்.

உள்ளூர் மெக்கானிக் டிராக்டர் பேட்டரியிலிருந்து ஜம்ப் போட்டு, அதாவது கேபிள் மாட்டிக் கரண்ட் கடன் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒரே திருகில் வண்டி கிளம்பிவிட்டது. பேட்டரிதான் போச்சு என்று புதுசு வாங்கினார்கள். ஒரு வாரம் ஓரளவு ஓடியது, மறுபடி 'டக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பொள்ளாச்சியில் புஷ், கார்பன் பிரஷ், சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற காந்த சுவிட்ச்) எல்லாம் மாற்றினார்கள். கடையில் பெஞ்சில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் பம்பரமாகச் சுற்றியது. வண்டியில் மாட்டினால் பழைய முனகல். அப்புறம் சாவி சுவிட்ச். ஆக மொத்தம் 11,000 ரூபாய் போயிருந்தது.

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஜம்ப் போட்டால் கிளம்புகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கத்தான் எவருக்கும் தோன்றும். அந்த ஜம்ப்பில்தான் விஷயமே ஒளிந்திருந்தது.

கறுப்பு கிளிப்

தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவருடைய அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வண்டியைத் தொடாமல் முதலில் கேள்விகளைத்தான் கேட்டேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

'டக்' என்று சத்தம் வருகிறது என்றால் சாவி சுவிட்ச், ரிலே, அங்கிருந்து சாலினாய்டுக்குப் போகிற சன்ன வயர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. சாலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. ஆகவே சாவி சுவிட்சை மாற்றியது வீண். தள்ளினால் உடனே பிடித்துக்கொள்கிறது என்றால் பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்யூட்டர், திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் எதிலும் பிரச்சினை இல்லை. எஞ்சி நிற்பது பேட்டரி, செல்ஃப் மோட்டார், இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற தடித்த வயர்கள் மட்டும். பேட்டரியும் புதுசு, மோட்டாரும் புதுசு போலத்தான். அப்படியானால் வயர்.

அப்போதுதான் கேட்டேன். "ஜம்ப் போட்டப்ப கறுப்பு கிளிப்பை எங்க மாட்டுனாங்க தம்பி?"

"இன்ஜின்லதாங்ண்ணா. தூக்கறதுக்கு ஒரு கொக்கி இருக்குதுல்லீங்க, அதுல. பேட்டரி மைனஸ் பக்கம் கிளிப் மாட்ட எடம் பத்தலீங்க."

கறுப்பு கிளிப்பை இன்ஜினில் மாட்டுவது சரியான முறைதான். சார்ஜ் ஆகிற பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காகவே கடைசிக் கிளிப்பைத் தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டச் சொல்கிறார்கள். ஆனால் அப்படி மாட்டும்போது இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. செல்ஃப் மோட்டாரின் மைனஸ் என்பது அதன் உடம்புதான். உடம்பு கியர் பாக்ஸில் இறுகியிருக்கிறது, கியர் பாக்ஸ் இன்ஜினோடு இருக்கிறது. டிராக்டர் பேட்டரியிலிருந்து வந்த கறுப்பு கேபிள் நேராக இன்ஜினுக்கே எர்த் கொடுத்துவிட்டது. வண்டியின் சொந்த எர்த் வழியை மின்சாரம் மிதிக்கவே இல்லை. எல்லோரும் 'புது பேட்டரி கிடைத்ததால் கிளம்பியது' என்று நினைத்தார்கள். கிடைத்தது புது எர்த்.

இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். என் ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அவர் வண்டியின் சொந்த பேட்டரி மைனஸில் நெருக்கி மாட்டினேன், மறுமுனையை இன்ஜின் கொக்கியில். வேறு பேட்டரி எதுவும் இல்லை. சாவியைத் திருப்பச் சொன்னேன். வண்டி 'ப்ரூம்' என்று கிளம்பியது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா எழுந்தே வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, ஒரு வயருக்கா இம்புட்டு நாளு?" என்றார்.

அளந்தது

வண்டி கிளம்பிவிட்டது, கொண்டா காசு என்று நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் எர்த்தில் கோளாறு என்று தெரிவது வேறு, எர்த்தில் எந்த இடம் என்று தெரிவது வேறு. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் வரை ஐந்தாறு மூட்டுகள். அதில் ஒன்றைத் தேய்த்துவிட்டுப் போய், கோளாறு பக்கத்து மூட்டில் இருந்தால் கார்த்திகை மழையில் மறுபடி போன் வரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்பு வந்த எலக்ட்ரீஷியன் எர்த்தையும் பார்த்திருக்கிறார். மல்ட்டிமீட்டரை 'பீப்' சத்தம் வருகிற இடத்தில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜினிலும் தொட்டிருக்கிறார். பீப் அடித்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. பீப் சோதனையில் மீட்டர் அனுப்புகிற மின்சாரம் ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அது போக முடி மாதிரி ஒரே ஒரு கம்பி இழை போதும். செல்ஃப் மோட்டார் கேட்பது நூறு ஆம்பியருக்கு மேல். வாய்க்காலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது மறுமுனைக்கு வந்து சேர்ந்தது என்பதற்காக மதகைத் திறந்துவிட்டால் தாங்கும் என்று சொல்ல முடியுமா? மேலும், மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். நாம் தேடுகிற தடை அதைவிடச் சின்னது, 0.06 ஓம்தான் என்று பின்னால் அளந்ததில் தெரிந்தது. சாதாரண மீட்டரின் ஓம் பக்கத்தில் அது கண்ணிலேயே படாது.

அதனால் செல்ஃப் சுற்றும்போது, அதாவது சுமை ஏறியிருக்கும்போது, வோல்ட்டில் அளக்க வேண்டும். நல்ல வயரின் இரண்டு முனைகளிலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நடுவில் தடை இருந்தால் அங்கே வோல்டேஜ் விழும். எங்கே விழுகிறதோ அங்கே நோய்.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. "கெணத்து மோட்டாருக்கு முன்னூறு அடி தூரம் சன்னமான வயர் இழுத்தா என்னங்க ஆவும்?" என்றேன். "மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது, வயரு சுடும்" என்றார். அதுதான், அதேதான். போர் மோட்டாரோடு வாழ்ந்தவர்களுக்கு வோல்டேஜ் டிராப்பைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜம்ப் கேபிளை எடுத்துவிட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினேன். இன்ஜின் சுற்ற வேண்டும், ஆனால் கிளம்பிவிடக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று. தம்பியை சாவியில் உட்கார வைத்து, நான் சொல்லும்போது ஐந்து நொடி மட்டும் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி, செல்ஃப் மோட்டார் ஆறுவதற்கு.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.64 வோல்ட், முழு சார்ஜ். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் 11.8. கீழ் எல்லை 9.6 என்று வைத்துக்கொள்வோம், அதற்கு வெகு மேலே நிற்கிறது. பேட்டரி சொக்கத் தங்கம். வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரில் 95 ஆம்பியர் ஓடியது.

அடுத்து பிளஸ் பக்கம். பேட்டரி பிளஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவில் 0.2 வோல்ட். அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பிளஸ் பக்கமும் சுத்தம்.

அப்புறம் மைனஸ் பக்கம். பேட்டரி மைனஸில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கில் கறையில்லாத இடத்தில் ஒரு முனை. "திருப்பு தம்பி" என்றேன். மீட்டரில் 6.0.

ஆறு வோல்ட். நல்ல வண்டியில் இங்கே 0.2, அதிகம் போனால் 0.3 இருக்கும். பேட்டரி கொடுத்த 11.8இல் பாதி, திரும்பி வருகிற வழியிலேயே தீர்ந்துவிட்டது. பிளஸ் பக்கத்து 0.2ஐயும் கழித்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைத்தது 5.6 வோல்ட்தான். 12 வோல்ட் மோட்டார் அதை வைத்துக்கொண்டு எப்படி இன்ஜினைச் சுற்றும்?

95 ஆம்பியர், 6 வோல்ட். பெருக்கினால் 570 வாட். ஒரு 750 வாட் இஸ்திரிப் பெட்டிக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு சூடு ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அந்த வண்டிக்கு அடியில் எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே?

கியர் பாக்ஸ் பக்கம் குனிந்தபோது லேசாக பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. கிளட்ச் கேபிளைத் தொட்டேன். சுட்டது. இன்ஜின் ஓடாத வண்டியில், வெறும் செல்ஃப் நாலைந்து தடவை சுற்றிய வண்டியில், கிளட்ச் கேபிள் சுடக் காரணமே கிடையாது. கேபிளின் ஒரு முனை கியர் பாக்ஸில், மறுமுனை சேஸியில் பிடித்திருக்கிற பெடலில். எர்த் கேபிள் வழி கிடைக்காத மின்சாரம், கிளட்ச் கேபிளின் எஃகுச் சுருள் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"கிளட்ச் மிதிக்கக் கெட்டியா இருக்குதா தம்பி?"

"ஆமாங்ண்ணா! புது கிளட்ச்னால அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க."

உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழல் உருகி ஒட்ட ஆரம்பித்திருந்தது. வழக்கமாக இந்த மாதிரி வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் இப்படிச் சுடும். இதில் அது தப்பித்திருந்தது. ஆனாலும் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். கிளட்ச் கேபிள் ஒட்டிக்கொண்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஒட்டிக்கொண்டால், ஆழியாறு மலைப் பாதைக் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு எர்த் கோளாறை 'செல்ஃப்தானே, தள்ளி எடுத்துக்கலாம்' என்று மாசக்கணக்கில் விடக் கூடாது என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடுவது இதனால்தான்.

சேஸிக்கு அடியில்

மைனஸ் பக்கத்தைத் துண்டு துண்டாக அளந்தேன். பேட்டரி மைனஸிலிருந்து சேஸியில் சுரண்டி எடுத்த வெள்ளை இரும்பு வரை 0.03 வோல்ட். அங்கே குறையில்லை. சேஸியிலிருந்து கியர் பாக்ஸ் வரை 6.0. அந்த இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு பின்னல் எர்த் பட்டி, ஒரு சாண் நீளம். அதையும் மூன்றாகப் பிரித்தேன். சேஸிக்கும் பட்டியின் லக்குக்கும் (முனையில் போல்ட் மாட்டுகிற வளையம்) நடுவில் 4.3. பட்டியின் ஒரு லக்கிலிருந்து மறு லக் வரை 1.5. லக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் 0.2.

பேட்டரி மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து போல்ட்டைத் திருகினேன். லக்கை எடுத்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. லக்கின் அடியில் இரும்பே இல்லை, பளபளவென்று கறுப்பு அண்டர்கோட். கியர் பாக்ஸை ஏற்றியவர்கள், சேஸியில் அடித்த பெயின்ட்டின் மேலேயே பட்டியை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் மாதிரி இருக்கிற அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனியில் வண்டி ஓடியது போல்ட்டின் மரை வழியாகக் கிடைத்த கொஞ்சம் தொடுதலால். சாரலில் மரையும் துருப்பிடிக்க, அந்த வழியும் அடைபட ஆரம்பித்தது.

பட்டியும் சாகக் கிடந்தது. மேலே பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. வளைத்தால் நறநறவென்று பச்சைப் பொடி உதிர்ந்தது, கம்பிகள் பாதி அறுந்திருந்தன. வண்டி நிற்கிற கொட்டகையில் ஆறடி தள்ளி யூரியா மூட்டைகளும் பொட்டாஷ் மூட்டைகளும் அடுக்கியிருந்தன. பொட்டாஷ் என்பது ஒரு குளோரைடு உப்பு. நனைந்த யூரியா அம்மோனியா விடும், அது செம்புக்கு எமன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றும் இந்த உரத் தூசியும் சேர்ந்தால் பின்னல் பட்டி என்ன பாடுபடும்? தடித்த கேபிளுக்கு மேலே உறை இருக்கிறது. பின்னல் பட்டிக்கு எதுவும் இல்லை, ஒவ்வொரு இழையும் காற்றில் நிற்கிறது. வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டு வந்த பட்டி, பெயின்ட் மேல் உட்கார்ந்த லக். முதலாவது மட்டும் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். 4.3க்கு எதிரே 1.5 என்று மீட்டர் சொன்ன கணக்கு அதுதான்.

பழைய பேட்டரியையும் இதே கோளாறுதான் கொன்றிருக்க வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் மைனஸும் இன்ஜின் உடம்புதான். வண்டியைத் தள்ளிக் கிளப்பி அளந்தபோது ஆல்டர்னேட்டரில் 14.4 வோல்ட் இருந்தது, பேட்டரிக்கு வந்து சேர்ந்தது 13.2 மட்டும். அந்த அளவில் பேட்டரி ஒருநாளும் நிறையாது, அரைவயிற்றோடே கிடந்து சல்ஃபேட் படியும். புது பேட்டரிக்கும் அதே கதிதான் காத்திருந்தது. பழையதைச் சார்ஜில் போட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது.

செய்த வேலை

வேலை என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம். சேஸியில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டத்துக்கு அண்டர்கோட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். மரை வெட்டுகிற கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்து புது போல்ட். கியர் பாக்ஸ் பக்கமும் அதேபோல. பின்னல் பட்டிக்குப் பதிலாக 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள், வெள்ளீயம் பூசிய செம்பு லக், இரண்டு முனையிலும் ஹைட்ராலிக் கிரிம்பிங், அதன் மேல் சூட்டில் சுருங்குகிற உறை. வெல்டிங் கேபிளில் சன்னமான இழைகள் ஏராளம், இன்ஜின் குலுங்கக் குலுங்க வளைந்து கொடுக்கும். லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் ஸ்டார் வாஷர். முறுக்கி முடித்த பிறகுதான் மேலே வாசலின். சிலர் முதலில் கிரீஸ் தடவி அப்புறம் முறுக்குகிறார்கள். இரும்பும் லக்கும் நேராகத் தொட்டு இறுகிய பிறகு, ஈரம் புகாமல் மூடுவதற்கு மட்டும்தான் கிரீஸ்.

கூடவே என் பழக்கப்படி இன்னொரு கேபிள், பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு. ஃபைபர் பாடி வண்டிக்கு ஒரே எர்த் வழியை நம்பி விட எனக்கு மனசு வருவதில்லை. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

மறுபடி ஃபியூஸைப் பிடுங்கி அளந்தேன். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 11.4, மைனஸ் பக்கம் மொத்தமே 0.1, பிளஸ் பக்கம் 0.3, செல்ஃப் மோட்டாருக்கு 11.0. ஓடுகிற மின்சாரம் 95இலிருந்து 140 ஆம்பியராக ஏறியிருந்தது. தடை போனதும் மோட்டார் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. ஃபியூஸைப் போட்டதும் தொட்டவுடன் கிளம்பியது. பேட்டரியில் சார்ஜிங் 14.3. கிளட்ச் கேபிளைப் பிடித்துப் பார்த்தேன், தண்ணென்று இருந்தது.

கேபிள், லக், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினேன். கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இரண்டையும் அவரே வாங்கிப் பத்து நாளில் மாட்டிவிட்டார்.

பிறகு

கிளட்ச் வேலை செய்த பட்டறைக்குத் தம்பி என்னையே பேசச் சொன்னார். பேசினேன். சண்டைக்குப் போகவில்லை. லக்கின் அடியில் பெயின்ட் இருந்த போட்டோவையும் மீட்டரின் 4.3ஐயும் அனுப்பிவிட்டு, இனி சேஸிக்கு அண்டர்கோட் அடிக்கும்போது எர்த் போல்ட் இடங்களில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள் என்றேன். அந்த மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அதே வாரம் இன்னும் இரண்டு வண்டிக்கு அண்டர்கோட் அடித்திருப்பதாகவும் அவற்றையும் திருப்பிக் கூப்பிட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். நல்ல மனுஷர்.

தை பிறந்ததும் தம்பி கோயம்புத்தூர் போகிற வழியில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் வண்டி பார்த்திருந்தது. செல்ஃப் சுற்றும்போது மைனஸ் பக்கம் அளந்தேன், அதே 0.1. லக்குகளில் பச்சை இல்லை. உர மூட்டைகளை மாட்டுக் கொட்டகைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். வலது பக்கப் பின் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. அந்த வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி எர்த் வயர் பின்னால் வரை போகிறது, அதில் ஒன்று விட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு நேரமில்லை. மாசி முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த வயரையும் இதேபோல முனை முனையாக அளக்க வேண்டும்.